பாட்டு அதிருது, கதை விளங்கேல்லை: 5.1 ஸ்பீக்கரில் எதைத் திருத்துவது?

கொம்பியூட்டருக்கு 5.1 ஸ்பீக்கர் செற் பூட்டியிருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. பாட்டு வந்தால் யன்னல் அதிரும், ஆனால் படத்தில் ஆட்கள் கதைப்பது விளங்காது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் வெடிச்சத்தம் வீட்டைத் தூக்கும். குறைத்தால் மறுபடியும் கதை போய்விடும். கடையில் போய்ச் சொன்னால் இதைவிடப் பெரிய செற்றைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை.

எங்கள் வீடுகளில் இது படம் பார்க்கிற சங்கதி மட்டுமல்ல. ஷெல் சத்தத்துக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களிலும், அருகே குண்டு விழுந்து தப்பியவர்களிலும் செவிப்புலன் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெடியோசையால் வரும் பாதிப்பு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில்தான் தொடங்கும். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, க போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் ஒலியோ 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். அதனால் அம்மாவுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. ‘காசு’ என்றதா ‘காது’ என்றதா என்று பிரியாது. அவருக்காகப் பிள்ளை வொலியூமைத் திருக, முதலில் எழும்புவது சப்வூபரின் முழக்கம். அந்த முழக்கம் மெய்யெழுத்துகளை இன்னும் மூடிவிடும்.

5.1 என்பது ஆறு சனல்கள்: முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, ‘.1’ என்பது 120 ஹேர்ட்ஸுக்குக் கீழான முழக்கத்துக்கான தனிச் சனல். திரைப்படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சனலில்தான் பதிவாகிறது. அதாவது, மொனிற்றருக்குப் பின்னால் தூசு பிடித்துக் கிடக்கிற அந்தச் சின்னப் பெட்டிதான் முக்கியமானது. லொஜிடெக் இசட் 506 செற்றைப் பாருங்கள். மொத்தம் 75 வொட். அதில் சப்வூபருக்கு 27, நடுப் பெட்டிக்கு 16, மற்ற நான்குக்கும் தலா 8. வசனம் எங்கிருந்து வருகிறதென்று செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நடுப் பெட்டிக்கு உரிய சத்தம் போய்ச் சேருகிறதா என்பதுதான் முதற் கேள்வி. செற்றோடு மூன்று நிற வயர்கள் வரும். பச்சை முன் பெட்டிகளுக்கு, கறுப்பு பின் பெட்டிகளுக்கு, செம்மஞ்சள் நடுவுக்கும் சப்வூபருக்கும். லப்டொப்பில் இருப்பது ஒரே ஓட்டை. பச்சையை மட்டும் குத்தினால் போவது இரண்டு சனல்தான். அந்த இரண்டையே எல்லாப் பெட்டிகளுக்கும் பகிரும் பொத்தான் சில செற்களில் இருப்பதால், ஆறும் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இதைவிட மோசமான ஒரு நிலை இருக்கிறது. விண்டோஸில் ஸ்பீக்கர் ‘5.1’ என்று தெரிவாகியிருந்து, செம்மஞ்சள் வயர் மட்டும் பூட்டப்படாமல் இருந்தால், பின்னணி இசை முழுதாக வரும், வசனம் ஏறக்குறையக் காணாமற் போகும். நடுச் சனல் கொம்பியூட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. சவுண்ட் செற்றிங்கில் ‘ஸ்ரீரியோ’ என்று மாற்றுங்கள். நடுச் சனல் இடத்துக்கும் வலத்துக்கும் பங்கிடப்பட்டுக் கதை திரும்பி வரும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

டெஸ்க்டொப்பின் பின்பக்கத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தால் மூன்று வயரையும் குத்தி, 5.1 தெரிவுசெய்து, ஒவ்வொரு பெட்டியாகச் சோதியுங்கள். நடுவுக்குரிய சத்தம் சப்வூபரில் வந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. சவுண்ட் மென்பொருளில் அதைத் திருப்பும் தெரிவு பெரும்பாலும் இருக்கும். லப்டொப்காரருக்கு வெளியே பூட்டும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்ட் வேண்டும். இங்கேதான் ஏமாறுவது. ‘7.1’ என்று அச்சடித்த விரலளவு குச்சியில் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டே ஓட்டைகள் இருக்கும். அது 7.1 அல்ல, பாவனை. வெளியே சத்தம் விடும் ஓட்டைகள் மூன்றாவது இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய செற்றுக்கு மாறினால் என்ன கிடைக்கும்? அதே நிறுவனத்தின் இசட் 906 மொத்தம் 500 வொட். ஒப்டிகல் வயரில் வரும் டொல்பி டிஜிற்றல், டி.டி.எஸ். ஒலியை அதுவே பிரித்தெடுக்கும். இசட் 506க்கு அந்த வசதி இல்லை. ஆனால் 75 இலிருந்து 500க்குப் போனால் ஏழு மடங்கு சத்தம் என்று எண்ணவேண்டாம். மற்றவையெல்லாம் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 8 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கவே சுமார் 10 டெசிபெல் வேண்டும். பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் வொட் போட்டிருந்தால் அந்த இலக்கத்தைத் திரும்பியும் பார்க்காதீர்கள். ஒப்பிடுவதானால் ‘ஆர்.எம்.எஸ்.’ வொட்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

என் கணிப்பில், கொம்பியூட்டரில் பார்ப்பது யூடியூப்பும் செய்தியும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோ அழைப்பும்தான் என்றால் 5.1 வேண்டாம். அவற்றில் வருவது அநேகமாக இரண்டு சனல், சிலவேளை ஒன்று. அதே காசுக்குத் தரமான இரண்டு ஸ்பீக்கர் ஆறு மலிவுப் பெட்டிகளைவிடத் தெளிவாகப் பேசும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள், அதில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். காணாமற்போன ஒருவரின் குரல் பழைய கசற்றிலோ கைபேசியிலோ மிஞ்சியிருந்தால் அதற்கும் இதுவே பொருந்தும். ஒற்றைச் சனலில் பதிந்த குரலை ஆறு பெட்டிகள் தெளிவாக்கா. முகத்துக்கு நேரே வைத்த ஒரு நல்ல பெட்டி போதும்.

5.1 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் நடுப் பெட்டியை மொனிற்றருக்கு முன்னால் எடுத்து, இருப்பவரின் காதைப் பார்க்கச் சற்றுச் சாய்த்து வையுங்கள். சப்வூபரை மூலையிலிருந்து நகர்த்துங்கள், மூலை முழக்கத்தைப் பெருக்கும். மீள்குடியேறிக் கட்டிய வீடுகளில் சீமெந்துச் சுவரும் வெறும் தரையும் எதிரொலிக்கும். ஒரு பாயும் கனத்த திரைச்சீலையும் அதைக் குறைக்கும். விண்டோஸில் ‘லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்’ என்ற தெரிவு இருந்தால் போட்டுவிடுங்கள். மெல்லிய பேச்சு உயரும், திடீர் வெடி அடங்கும். குண்டுச் சத்தத்துக்கு இன்னமும் திடுக்கிடும் ஒருவர் வீட்டில் இருந்தால் சப்வூபரைக் கால்வாசிக்கு மேல் திருக வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் சொல் பிடிபடவில்லை என்றால் பிரச்சினை ஸ்பீக்கரில் இல்லை. அவரை வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப்போய்ச் செவிப்புலனைச் சோதியுங்கள்.

கனடாவிலிருந்து உறவினர் செற் கொண்டுவருவதாகச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சப்வூபருக்குள்ளேயே டிரான்ஸ்போமர் இருக்கும் செற்கள் பல 120க்கு மட்டுமே செய்யப்பட்டவை. நேரே பிளக்கில் குத்தினால் எரிந்துபோகும். வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் போடலாம், ஆனால் செற் இழுக்கும் மின்னைவிட அதிகம் தாங்கக்கூடியதாக வாங்கவேண்டும், அது பாரமும் செலவும். பொதி கட்ட முன்னர், சப்வூபரின் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.