உங்களுக்குத் தெரியுமா? சாயர்புரத்து வீட்டில் நெட் ஏன் இழுக்கிறது?

ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ நின்று நின்று ஓடினால், பெரிய பிளானுக்கு மாறிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றும். பணம் கட்டுவதற்கு முன் தாமதம் எந்த இடத்தில் என்று கண்டுபிடியுங்கள். பல வீடுகளில் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கும், செலவில்லாமல் சரிசெய்யலாம்.

● வேகம் வேறு, பிங் வேறு. ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா வருகிறது என்பது வேகம். ஒரு சின்னத் தகவல் போய், பதில் திரும்பிவர ஆகும் நேரம் பிங். முத்துக்குளிப்பவர் கடலடியில் கயிற்றை அசைத்ததும், படகில் கயிறு பிடித்திருக்கும் மச்சான் இழுக்கத் தொடங்கும்வரை உள்ள இடைவெளி போன்றது அது. சினிமா பார்க்க வேகம் முக்கியம். கேமுக்கும் வீடியோ காலுக்கும் பிங் குறைவாக இருக்க வேண்டும்.

● 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். பிளானைச் சொல்வது பிட் கணக்கில், ஃபைலை அளப்பது பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 1 ஜிபி படம் 80 நொடியில் இறங்கினால் உங்கள் லைனில் குறையே இல்லை.

● ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. அதாவது, 100 கி.மீ. தூரத்துக்குப் போய்வர 1 மில்லி செகண்ட். 2002-ல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. அதில் போய்வர மட்டுமே 32 மில்லி செகண்ட். நம்மூரிலிருந்து சென்னை போய்வர இன்னும் 6. சிங்கப்பூர் சர்வரில் கேம் ஆடும் தம்பிக்கு 45 காட்டினால் அது நல்ல பிங். எந்த பிளானும் அதைப் பாதியாக்காது.



● கப்பலில் வேலை பார்க்கும் மகனிடம் பேசும்போது பதில் தாமதமாக வந்தால், உங்கள் ரவுட்டரைக் குறை சொல்ல வேண்டாம். கப்பலின் இணைப்பு 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இருந்தால், சிக்னல் போய்வரவே அரை நொடிக்குக் கிட்ட ஆகும்.

● கோளாறு வீட்டிலா வெளியிலா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். கம்ப்யூட்டரிலிருந்து முதலில் ரவுட்டருக்கு பிங் கொடுங்கள். அதன் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பலவற்றில் 192.168.1.1. கேபிள் செருகிப் பார்த்தால் 1 மில்லி செகண்ட் அளவில் வர வேண்டும். வைஃபையில் மட்டும் 5, 80, 30 என்று எகிறினால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் வரை சரியாக இருந்து, இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் கொடுக்கும்போது மட்டும் எகிறினால் கோளாறு வெளியில்.

● 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவர் தாண்டிப் போகும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே அலைவரிசையில்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

● ஒருவர் போனிலிருந்து போட்டோக்கள் பேக்கப் ஏறிக்கொண்டிருந்தால் வீடு முழுக்க பிங் எகிறும். அப்லோட் வரிசையில் மற்ற எல்லாத் தகவலும் காத்து நிற்பதே காரணம். பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவிடுங்கள்.

● 300 எம்பிபிஎஸ் பிளானில் 94-க்கு மேல் ஏறவில்லையா? லேன் கேபிளைப் பாருங்கள். 100-ஐத் தாண்ட அதிலுள்ள 8 கம்பியும் வேலை செய்ய வேண்டும். கடலோர உப்புக்காற்றில் கிளிப்பின் ஒரு முள் கறுத்தாலே வேகம் 100-க்கு இறங்கிவிடும். புது கிளிப் அடித்தால் சரியாகும்.

● சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய ஃபைபர் வயரை மடித்து ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வளைவு இறுகினால் ஒளி வெளியே கசியும். மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அதற்கு லைன்மேன்தான் வர வேண்டும்.

● புகார் கொடுக்கும்போது ஆதாரத்தோடு பேசுங்கள். மதியமும் இரவும் கேபிள் செருகி எடுத்த அளவுகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் விதிப்படி இதற்குக் கட்டணம் கிடையாது.