அலிக்கந்தே: வெயிலும் ஒரு கப்பற்துறையும்

கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் செல்லும் நம்மவர் பலர் அலிக்கந்தே விமான நிலையத்தில் இறங்குவர். நகரை எட்டியும் பாராமல் பேருந்தேறிப் பெனிடோர்ம் கடற்கரைக்குப் போய்விடுவர். நாமும் முன்பு அவ்வாறு சென்றவர்களே. இம்முறை குடும்பத்தோடு நகரிலேயே மூன்று நாட்கள் தங்கினோம்.

வெயிலுக்குக் குறைவில்லை. 166 மீற்றர் உயரமான பெனாக்காந்தில் குன்றின்மேல் சாந்தா பார்பரா கோட்டை. அடிவாரத்தில் பொஸ்திகெத் மணற்கரை. துறைமுகத்தை ஒட்டிய எஸ்பிளனாடா நடைபாதையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சலவைக்கற்கள் அலை அலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் ஒரே நிறத்தை மிதித்தபடி ஓடி விளையாடினர்.

மத்திய சந்தையில் மீனும் தக்காளியும் குவிந்து கிடக்கின்றன. அதன் பின்புறச் சதுக்கத்தின் பெயர் 'மே 25'. 1938இல் அந்நாளில், உள்நாட்டுப் போரின்போது, பிராங்கோவுக்குத் துணைநின்ற இத்தாலிய விமானங்கள் இங்கு குண்டு வீசின. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். சந்தைக்குப் போனவர்கள் வீடு திரும்பாமை எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மாலையில் கப்பற்துறைக்கு நடந்தோம். 1939 மார்ச் 28ஆம் நாள், தோற்றுப்போன குடியரசின் மக்கள் பெருந்திரளாக இங்கே கப்பலுக்குக் காத்து நின்றனர். தோடம்பழமும் புகையிலையும் குங்குமப்பூவும் ஏற்றிச்செல்ல வந்திருந்தது 'ஸ்ரான்புறூக்' என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல். வேல்ஸ் நாட்டவரான கப்பற்தலைவர் ஆர்ச்சிபோல்ட் டிக்சன், சரக்கை விட்டு மனிதரை ஏற்றினார். 2,638 பேர்! தளத்திலும் சரக்கறையிலும் நெருக்கியடித்து நின்ற அவர்களோடு அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தை அடைந்தார்.

அங்கும் கதவு உடனே திறக்கவில்லை. பிரெஞ்சு அதிகாரிகள் ஆண்களிற் பெரும்பாலோரைப் பல வாரங்கள் கப்பலிலேயே தடுத்து வைத்தனர். அலிக்கந்தேத் துறையில் எஞ்சிய பல்லாயிரவர் கைதாகி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் ஸ்ரான்புறூக் வட கடலில் மூழ்கடிக்கப்பட்டது. டிக்சனும் மாலுமிகளும் உயிர் தப்பவில்லை.

துறைமுகத்தில் டிக்சனுக்கு மார்பளவுச் சிலையொன்று உண்டு. அதனருகில் நின்று இக்கதையைச் சொன்னோம். "எல்லாரும் ஏறிட்டினமா அப்பா?" என்று கேட்டாள் இளைய மகள். "இல்லை" என்றோம். அவள் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்கோ, நம்மோடு புறப்பட முடியாமற்போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன.

அன்பர்களே, பெனிடோர்மின் மணல் எங்கும் போய்விடாது. அடுத்த விடுமுறையில் ஒரு பகலையேனும் அலிக்கந்தேக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அந்தத் துறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.