மாதத்தின் இரண்டாவது செவ்வாய்

2018 ஜூன் 21 அன்று இந்திய ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற, பராமரிப்பு நின்றுபோன இயங்குதளங்களில் ஓடும் ஏடிஎம்களைப் புதியவற்றுக்கு மாற்ற வேண்டும் என்பது உத்தரவு. செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 ஜூனுக்குள் அத்தனையும் என்று கெடுவும் வைத்திருந்தது. எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது 2001 அக்டோபர் 25. அதற்கான பொதுப் பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, மக்களின் பணத்தை எண்ணிக் கொடுக்கும் எந்திரங்களுக்குள் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விண்டோஸின் கதையைக் கேட்டால் பலரும் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள்: 95, 98, எக்ஸ்பி, விஸ்டா, 7, 8, 10, 11. இவை கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைகள். ஒரு கணினி பாதுகாப்பாக இருக்கிறதா, இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானித்தவை, இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்த புதுப்பிப்புகள். சில நேரங்களில், வந்தும் போடப்படாமல் கிடந்த புதுப்பிப்புகள்.

தொடக்கத்தில் அப்படியொரு ஏற்பாடே கிடையாது. 1985 நவம்பர் 20 அன்று வெளிவந்த விண்டோஸ் 1.0, டாஸ் இயங்குதளத்தின் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு வரைகலை முகப்பு. குறை இருந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை பொறுத்துக்கொண்டு, வந்ததும் காசு கொடுத்து ஃபிளாப்பிகளை வாங்க வேண்டும். 1990 மே மாதம் வந்த 3.0 தான் விண்டோஸை அலுவலக மேசைகளில் பரவலாக்கியது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானபோது அமெரிக்காவில் நள்ளிரவிலேயே கடைகளைத் திறந்து விற்றார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு விளம்பரத்தில் ஒலித்தது. ஸ்டார்ட் பட்டன் உலகுக்கு அறிமுகமானது அன்றுதான். சிடி டிரைவ் இல்லாதவர்களுக்கு அது 13 ஃபிளாப்பிகளில் கிடைத்தது.

அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கணினியை இயக்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடிகள் கழிந்தன என்பதை விண்டோஸ் 95 ஒரு 32 பிட் எண்ணில் எண்ணிக்கொண்டே வரும். 32 பிட்டில் அடங்கும் எண்ணிக்கை ஏறத்தாழ 429 கோடியே 49 லட்சம். அத்தனை மில்லிவிநாடிகள் தீர 49 நாள் 17 மணி நேரம் ஆகும். அதைத் தாண்டியதும் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கணினி உறைந்து நின்றுவிடக்கூடும். விண்டோஸ் 98-லும் இதே பிழை தொடர்ந்தது. 1999-இல்தான் இது வெளியே தெரிந்து, சரிசெய்யும் நிரலும் வந்தது. அக்காலத்து வீட்டுக் கணினி ஐம்பது நாள் அணையாமல் ஓடுவது அரிது என்பதால் இத்தனை காலம் யாருடைய கண்ணிலும் படவில்லை. கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள் எந்த நாளிலும் முழுமையடைந்து வெளிவருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வெளிவந்த பிறகும் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தியதை மக்களின் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் அடுத்த பத்தாண்டின் பெரிய கேள்வியாக இருந்தது.

முதல் விடை 1998-இல் வந்தது. விண்டோஸ் 98-உடன் ‘விண்டோஸ் அப்டேட்’ சேவை அறிமுகமானது. கணினியின் உரிமையாளர் தாமே இணையத்தில் அந்தப் பக்கத்துக்குப் போய், வேண்டியதைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். தொலைபேசிக் கம்பி வழியாக நொடிக்கு 56 கிலோபிட் வேகம் கிடைத்த காலம் அது. அந்த வேகம் முழுதாகக் கிடைத்தாலும் 10 மெகாபைட்டை இறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டில் யாரும் போன் பேச முடியாது. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போகாததில் வியப்பில்லை.

அவர்கள் போகாததன் விளைவு 2003-இல் தெரிந்தது. விண்டோஸில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டறிந்து, ஜூலை 16 அன்று அதற்கான ஒட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ‘பேட்ச்’ என்று கணினிக்காரர்கள் சொல்வது இதைத்தான். 26 நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, அதே ஓட்டை வழியாக பிளாஸ்டர் என்ற புழு உலகமெங்கும் நுழைந்தது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒட்டுப் போடாத கணினி இணையத்தில் இணைந்திருந்தாலே போதும். திரையில் ஒரு பெட்டி தோன்றி, 60 விநாடியில் கணினி அணையப்போகிறது என்று எண்ணத் தொடங்கும். அந்தப் புழுவுக்கு இன்னொரு வேலையும் தரப்பட்டிருந்தது: ஆகஸ்ட் 16 முதல் விண்டோஸ் அப்டேட்டுக்கு வழிகாட்டும் இணைய முகவரி ஒன்றின் மீது எல்லாக் கணினிகளும் சேர்ந்து மோத வேண்டும். மருந்துக்கடையின் கதவையே அடைக்கப் பார்த்த அந்தத் திட்டம் பலிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த முகவரியையே கைவிட்டுவிட்டது.

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு முறை வகுக்கப்பட்டது. இனி ஒட்டுகள் கண்ட நாளில் வராது; ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மொத்தமாக வரும். அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு. அவை வெளியாகும் நேரம் அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி; இந்தியாவில் அது இரவு 10.30, அங்கே குளிர்காலம் என்றால் 11.30. ஆயிரக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வங்கி, ரயில்வே, மருத்துவமனை ஊழியர்களுக்கு இது பெரிய உதவி. எந்த நாளில் வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு ஆள் வைத்து, சில கணினிகளில் போட்டுச் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குப் பரப்பலாம். இருபது ஆண்டு தாண்டியும் அந்தச் செவ்வாய் மாறவில்லை.

இந்த முறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒட்டு வெளியானதுமே தாக்குதல்காரர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எங்கே திருத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவார்கள். திருத்திய இடம்தான் ஓட்டை இருந்த இடம். ஆகவே செவ்வாய்க்குப் பிறகு ஒவ்வொரு நாளும், ஒட்டுப் போடாதவருக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த ‘சர்வீஸ் பேக் 2’ இந்த வரலாற்றில் தனி இடம் பெற வேண்டியது. அதற்குப் புதுப் பெயர் வைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அதுதான் எல்லோருக்கும் தானாகவே இயக்கி வைத்தது. பிளாஸ்டர் போன்ற புழு நுழையும் பாதை பெரும்பாலும் அடைபட்டது. அடுத்த பதிப்புக்காக வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர்களையும் இதற்காக இழுத்துவிட்டதில் விஸ்டா தள்ளிப்போய், கடைக்கு வர 2007 ஜனவரி 30 ஆகிவிட்டது. அதன் மந்த வேகத்தைப் பலரும் திட்டினார்கள். 2009 அக்டோபர் 22 அன்று வந்த விண்டோஸ் 7-ஐக் கொண்டாடினார்கள். உள்ளே பதிவாகியிருக்கும் எண்ணைப் பார்த்தால் விஸ்டா 6.0, விண்டோஸ் 7 வெறும் 6.1. ஏச்சு வாங்கியதும் புகழ் வாங்கியதும் அண்ணன் தம்பிகள்தான்.

தமிழர்களுக்கு இந்தப் பட்டியலில் வேறொரு தேதி முக்கியம்: 2000 பிப்ரவரி 17. அன்று வந்த விண்டோஸ் 2000-இல்தான் யூனிகோடு தமிழ், லதா என்ற எழுத்துருவோடு இயங்குதளத்துக்குள்ளேயே இடம்பெற்றது. அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒருவர் தட்டியதை இன்னொருவர் படிக்க அதே எழுத்துரு அவரிடமும் இருக்க வேண்டும். தமிழைத் திரையில் காட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கொ’ என்று எழுதும்போது கணினி சேமிப்பது ககரத்தையும் ஓர் உயிர்க்குறியையும் மட்டும். அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது இயங்குதளத்தின் வேலை. அதைச் செய்யும் நிரல் இல்லையென்றால் எழுத்து சிதறி, புள்ளி வட்டங்கள் தெரியும். எக்ஸ்பியில் அந்த நிரல் இருந்தும், பலருடைய கணினியில் அமைப்புகளுக்குள் போய் ஒரு பெட்டியை டிக் செய்து, நிறுவிய சிடியை மறுபடி போட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். விஸ்டாவில்தான் அந்தத் தொல்லை முற்றிலும் ஒழிந்தது. உலகம் பழித்த அந்தப் பதிப்புக்குத் தமிழ் வாசகர்கள் ஒரு நன்றி சொல்லலாம். விசைப்பலகை இன்னும் தாமதம்: ஒலிப்பு முறையில் தமிழ் தட்டும் வசதி விண்டோஸ் 10-க்கு 2019 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. அதுவரை பலரும் இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றை ஆக்கியவர்களின் உழைப்பில்தான் தமிழ் தட்டினார்கள்.

2017 மே 12 அன்று வானாக்ரை பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த நிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் சுமார் 19,000 சிகிச்சை நேரங்கள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. பழைய எக்ஸ்பியைத்தான் எல்லோரும் முதலில் குற்றம் சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்தபோது பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான ஒட்டு மார்ச் 14 அன்றே வந்திருந்தது. அது ஒரு இரண்டாவது செவ்வாய். இரண்டு மாதமாக அந்தக் கணினிகளில் யாரும் அதைப் போடவில்லை. வானாக்ரை பரவிய பிறகு, மூன்றாண்டுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் ஓர் ஒட்டை வெளியிட்டது. அது சரியான செயல்.

மக்கள் தாமாகப் போடமாட்டார்கள் என்றால் கேட்காமலே போட்டுவிடலாம் என்ற எண்ணம் 2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10-இல் முழு வடிவம் பெற்றது. வீட்டுப் பயனர்களுக்குப் புதுப்பிப்பை மறுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போனது. பாதுகாப்புக்கு இது நல்லது. ஆனால் தவறு நேர்ந்தால் அதுவும் எல்லோரையும் போய்ச் சேரும். 2018 அக்டோபர் புதுப்பிப்பைப் போட்ட சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. விநியோகத்தை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட முடிந்தது. கட்டாயப்படுத்தும் உரிமையை எடுத்துக்கொள்பவர் சோதனையில் குறை வைக்கவே கூடாது. அடுத்த ஆண்டு, வீட்டுப் பயனர்களும் புதுப்பிப்பை 35 நாள் வரை ஒத்திவைக்கலாம் என்று விதி தளர்ந்தது. அது போராடிப் பெற்ற சலுகை என்றே சொல்ல வேண்டும்.

2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தது. இதன் உள் எண் இன்னமும் 10.0 தான். பெரிய மாற்றம் நிபந்தனையில் இருந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற கணினிகள் இந்த வாசலைத் தாண்ட முடியாமல் நின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-இன் பராமரிப்பும் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு ஒட்டுகள் தர மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. அதன் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்தால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர். பழுதில்லாத ஒரு பொருளை ஒரு தேதிக்காகத் தூக்கியெறியச் சொல்வதை ஏற்பது கடினம். விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கணினியில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் ஒன்று, தமிழும் அதில் உண்டு.

தன் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புபவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ‘வின்வர்’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் அடித்தால் போதும். ஒரு சிறு பெட்டி திறந்து, 22எச்2, 24எச்2 என்பதுபோல் ஒரு குறியைக் காட்டும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. எச்2 என்றால் அவ்வாண்டின் பிற்பாதி. 25எச்2-க்கும் 24எச்2-க்கும் அடிப்படை நிரல் ஒன்றேதான். ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றை ஒரு சிறு கோப்பு இயக்கிவிடுகிறது, அவ்வளவே. விண்டோஸ் 11 என்ற பெயரைப் பார்த்து மட்டும் நிம்மதியடைய முடியாது. வீட்டுக் கணினிகளில் இந்த ஆண்டுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு 24 மாதம்தான். 22எச்2-இல் நின்றுவிட்ட விண்டோஸ் 11 வீட்டுக் கணினிகளுக்கு 2024 அக்டோபர் 8-உடன் ஒட்டுகள் வருவது நின்றுவிட்டது. அதுவும் ஒரு இரண்டாவது செவ்வாய்.