தவழும் குழந்தையும் கிணற்றடியும்

குழந்தை தவழத் தொடங்கிய நாளில் வீடே விழாக்கோலம் கொள்கிறது. அப்பம்மா கைதட்டி அழைக்கிறார். அக்காமார் பொம்மையைக் காட்டி ஆசையூட்டுகின்றனர். அக்குழந்தை எதை நோக்கித் தவழ்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லின் இடையே தங்கும் மழைநீரே நமக்கு ஆதாரம். ஆதலால் வளவுக்கொரு கிணறு வேண்டியதாயிற்று. நிலாவரையைக் காணச் சென்றால் பிள்ளையின் கையை இறுகப் பற்றிக்கொள்ளும் நாம், வீடு திரும்பியதும் சொந்தக் கிணற்றடியில் அந்தக் கையை விட்டுவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், என் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கிழமையாக வரவில்லை. விசாரிக்கச் சென்றேன். அவளுடைய இரண்டு வயதுத் தம்பி கிணற்றில் வீழ்ந்து இறந்திருந்தான். கிணற்றுக்கட்டு முழங்கால் உயரமே இருந்தது. அதை உயர்த்தவெனச் சேர்த்த பணம் தெருவாயிலுக்கு இரும்புக் கதவு போடுவதில் செலவாகிவிட்டதெனத் தந்தையார் சொன்னார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கட்டை இடுப்பளவு உயர்த்த வசதியுள்ளோர் உயர்த்துக. இல்லாதோர் பனஞ்சலாகைகளை நெருக்கமாக நட்டு, நாற்புறமும் அடைத்து, ஒரு சிறு கதவு வைக்கலாம். சலாகைகளின் இடையே குழந்தையின் தலை நுழையலாகாது. குறுக்குச் சட்டங்களை உட்புறமாக அடித்தல் வேண்டும். வெளிப்புறத்தில் அடித்தால் அவையே ஏணியாகிவிடும். கொளுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூடி போட்டால் போதாதோ என்று கேட்பீர்கள். நாளுக்குப் பத்து முறை தண்ணீர் அள்ளும் வீட்டில், பதினோராவது முறை அந்த மூடி திறந்தபடியே கிடக்கும். கட்டருகே கவிழ்த்து வைத்த வாளியும் துவைக்கும் கல்லும் ஏறுவதற்குப் படிகள் என்பதையும் மறவாதீர்கள். மோட்டர் பூட்டிய வீடுகளில் அபாயம் குறைந்துவிடவில்லை. பெரியவர்கள் கிணற்றடிக்குப் போவது குறைந்ததால், அங்கே கண் வைப்பாரும் குறைந்தனர்.

கிணறு இல்லாத வீட்டிலும் வாளி உண்டு. குழந்தைக்குத் தலைதான் பாரம். குனிந்து விழுந்தால் தானே நிமிர இயலாது. அதற்கு ஒரு சாண் தண்ணீரே அதிகம். குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்க்க ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது மண்ணெண்ணெய். நீரிறைக்கும் இயந்திரத்துக்கென வாங்கியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைக்கிறோம். தாகமெடுத்த பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும். குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யவே கூடாது. எண்ணெய் நுரையீரலுட் புகுந்து பெருங்கேடு செய்யும். காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பயிர்மருந்துக்கும் பூட்டுள்ள ஒரு மரப்பெட்டி போதும்.

குப்பி விளக்கைப் பற்றியும் ஒரு சொல். 1990களில் மின்சாரமற்ற இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே படித்தவர்கள் நம்மிடையே பலர். அக்காலத்திலேயே, 1992 இல், சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர என்பவர், தீக்காயப்பட்டோரைக் கண்டு மனம் நொந்து, பாரமும் தாழ்ந்த உருவமும் உடைய ஒரு விளக்கை அமைத்தார். அதன் இரு பக்கங்கள் தட்டையானவை, சரிந்தாலும் உருளாது. மூடி திருகி இறுக்கப்படுவதால் எண்ணெய் சிந்தாது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது அவ்விளக்கை நான் நினைத்துக்கொண்டேன். அது கிடையாதெனில், குட்டையான கனத்த போத்தலைத் தேர்ந்து, பிள்ளைக்கு எட்டாத மாடத்தில் வையுங்கள். உயரமான மெல்லிய போத்தல் வேண்டாம்.

வேலியோரத்து மஞ்சள் அலரியின் கொட்டை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சாமிக்குப் பூ வேண்டுமெனில் செவ்வரத்தை நடலாமே.

மாரி பிறந்தால் கிணறுகளில் நீர் மேலெழும், நிலமும் வழுக்கும். ஆகவே சலாகை அடைப்பைப் புரட்டாதிக்குள் முடித்துக்கொள்வது நன்று.