மணத்தை மருந்தாக்குதல் தகுமோ?

தன்பாலினக் காதலைக் குடும்பத்தின் நடுவே வைத்துக் காட்டுதல் கொரியத் தொலைக்காட்சிக்குப் புதிதன்று. எஸ்.பி.எஸ். நிறுவனம் 2010இல் ஒளிபரப்பிய 'வாழ்க்கை அழகானது' என்னும் தொடரில், மருத்துவனான மூத்த மகன் ஓர் ஆடவனை நேசிக்கிறான்; பெற்றோர் அதனை அறிந்து அவனை ஏற்கின்றனர். இத்தகைய தொடர்கள் இன்று நம் வாலிபரின் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. எனினும், திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து 1956இல் தமிழகத்தோடு இணைந்த நமது குமரி மாவட்டத்திற்கு, அண்டை மொழியாம் மலையாளத்தில் வந்த படம் ஒன்று இன்னும் அணுக்கமானது.

ஜியோ பேபி இயக்கிய 'காதல் – தி கோர்' 2023 நவம்பரில் வெளிவந்தது. அதில் காணப்படுவது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மம்மூட்டி நடித்த மாத்யூவும் ஜோதிகா நடித்த ஓமனாவும் இருபதாண்டு இல்லறம் நடத்தியவர்கள். மகனின் ஈர்ப்பு ஆடவர்பால் என்பதைத் தந்தை அறிந்திருந்தும் மணமுடித்து வைத்தார். முடிவில் ஓமனாவே மணவிலக்குக் கோரி வழக்கிடுகிறார். அவர் நாடுவது பழிவாங்குதல் அன்று, இருவருக்கும் விடுதலை.

இவ்வுறவு குறித்துத் திருமறை கூறுவது யாது என்பதில் திருச்சபைகள் ஒருமனப்படவில்லை. அவ்விவாதத்தை நாம் இங்கு முடிக்கப் புகவில்லை. ஆனால், மணமானால் சரியாகிவிடும் என்று ஆயர் ஆலோசனை கூறுவாராயின், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணையே மருந்தாக்குகிறார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையே சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7இல் தடைசெய்தது. பலிபீடத்தின் முன் எடுக்கும் பொருத்தனை உண்மையின்மேல் நிற்கவேண்டும். ஆதலின், திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிக்குமுன், மணமக்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, அச்சமின்றி உண்மை கூற இடமளிப்பது நமது மேய்ப்புக் கடனாகும்.