கடைக்குக் கணக்கெடுக்க வந்தால்...

திருவரங்குளம் போன்ற ஊரில் டீக்கடைக்கோ தையல் கடைக்கோ ஒருவர் வந்து, "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வரவு செலவு என்ன?" என்று கேட்டால், வரி போடவா, குடியுரிமையைத் துருவவா என்ற அச்சம் நம்மில் பலருக்கு எழுகிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம், கம்பெனியாகப் பதிவாகாத சிறு தொழில்களில் சிலவற்றை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் இப்படி விசாரிக்கிறது. விவசாயம் இதில் சேராது. 2023-24 கணக்குப்படி நாட்டில் இத்தகைய தொழில்கள் 7.34 கோடி, அவற்றில் உழைப்போர் 12 கோடிக்கும் மேல்.

சம்பளமின்றிக் கடையில் உதவும் மகனும், வீட்டிலிருந்தே கடைக்குத் தைத்துக் கொடுக்கும் மனைவியும் இதில் உழைப்பாளிகளே. "நான் ஒருவன்தான்" என்று நாம் சொல்லிவிட்டால் அவர்களின் உழைப்பு கணக்கில் ஏறாது. கடனுதவி, தொழிற்பயிற்சித் திட்டங்களை வகுப்போர் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி பெறும் தகவலைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சொன்னவர் இன்னார் என்று வெளியிடக் கூடாது.

வந்தவரின் அடையாள அட்டையை முதலில் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். வங்கி ரகசிய எண்ணையோ ஓடிபியையோ யார் கேட்டாலும் தராதீர்கள். மற்றபடி, கூட்டாமல் குறைக்காமல் உள்ளதைச் சொல்வோம்.