"சந்தா வேண்டாம்!" - டிஸ்னியை உலுக்கிய பகிஷ்காரம்

2025-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி. புதன்கிழமை.

அமெரிக்காவின் சினிமா நகரமான ஹாலிவுட்டில் ஒரு பெரிய அரங்கம். வாசலில் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு மனிதரின் வேடிக்கைப் பேச்சைக் கேட்க வந்தவர்கள் அவர்கள்.

"இன்று நிகழ்ச்சி கிடையாது" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாளைக்கு உண்டா? தெரியாது. அடுத்த வாரம்? அதுவும் தெரியாது. "காலவரையறை இன்றி நிறுத்தப்படுகிறது" என்பதுதான் டெலிவிஷன் கம்பெனியின் அறிவிப்பு.

அந்த மனிதரின் பெயர் ஜிம்மி கிம்மல். 2003-ம் ஆண்டு முதல் ஏ.பி.சி. டெலிவிஷனில் இரவு நேரத்தில் தோன்றி வருபவர். நாட்டு நடப்பைக் கேலி செய்வதே அவருக்குத் தொழில். ஜனாதிபதி டிரம்ப் அவர் வாயில் அகப்படாத நாள் அபூர்வம்.

ஏ.பி.சி. யாருடையது? மிக்கி எலியை உலகுக்குத் தந்த டிஸ்னி கம்பெனியுடையது.

கிம்மலை நிறுத்திய அன்றே மற்றொரு வேலை தொடங்கியது. ஜனங்கள் டிஸ்னியை நிறுத்தத் தொடங்கினார்கள்!

என்ன பேசினார்?

ஒரு வாரத்துக்கு முன்பு, செப்டம்பர் 10-ந் தேதி, யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கூட்டம் நடந்தது. சார்லி கிர்க் என்பவர் பேசிக்கொண்டு இருந்தார். அவருக்கு வயது 31. டிரம்பின் நெருங்கிய ஆதரவாளர். மாணவர்களை டிரம்ப் பக்கம் திரட்டியவர். 2 குழந்தைகளின் தந்தை.

பேசிக்கொண்டு இருக்கும்போதே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. கிர்க் இறந்தார். நாடே அதிர்ந்தது. கிம்மலும் அன்றே அனுதாபம் தெரிவித்தார்.

15-ந் தேதி இரவு கிம்மல் மேடை ஏறினார். "கொலை செய்தவன் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல என்று காட்ட டிரம்பின் ஆட்கள் படாத பாடு படுகிறார்கள். இதிலும் அரசியல் லாபம் தேடுகிறார்கள்" என்ற கருத்துப்படப் பேசினார்.

டிரம்பையும் விடவில்லை. "நண்பரை இழந்த துக்கத்தை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று ஒரு நிருபர் டிரம்பிடம் கேட்டிருந்தார். "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்ன டிரம்ப், உடனே வெள்ளை மாளிகையில் கட்டப்படும் நடன மண்டபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அதையும் கிம்மல் கேலி செய்தார்.

கொலைகாரன் டிரம்ப் பக்கத்து ஆள் என்று சொல்வதுபோல அந்தப் பேச்சு தொனித்தது. மறுநாள் வெளியான போலீஸ் விவரமோ வேறு விதமாக இருந்தது. பிடிபட்ட வாலிபன் சமீப காலத்தில் இடதுசாரிப் பக்கம் சாய்ந்திருந்தான் என்று அவன் தாயாரே சொல்லி இருந்தார். கிம்மல் அவசரப்பட்டுவிட்டார் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால், அவசரப்பட்டுப் பேசியதற்காக ஒருவரின் வாயைச் சர்க்கார் கட்டலாமா? சண்டை இதில்தான் வந்தது.

அதிகாரி சொன்ன 2 வழி

அமெரிக்காவில் டெலிவிஷன் நிலையங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஒரு மத்திய கமிஷன். அதன் தலைவர் பிரெண்டன் கார். அவரை நியமித்தவர் டிரம்ப்.

17-ந் தேதி கார் ஒரு பேட்டி கொடுத்தார். "இதைச் சுலபமான வழியிலும் செய்யலாம், கஷ்டமான வழியிலும் செய்யலாம்" என்றார். கிம்மல் மீது கம்பெனிகளே நடவடிக்கை எடுக்காவிட்டால் கமிஷன் எடுக்கும் என்பது அதன் பொருள்.

சில மணி நேரம்தான். "கிம்மல் நிகழ்ச்சியை நாங்கள் காட்டமாட்டோம்" என்று நெக்ஸ்டார் கம்பெனி அறிவித்தது. சின்கிளேர் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. ஏ.பி.சி. நிகழ்ச்சிகளைக் காட்டும் நிலையங்களில் சுமார் 70 இந்த இரண்டு கம்பெனிகளின் கையில் இருந்தன.

அந்தச் சமயத்தில் நெக்ஸ்டார் 620 கோடி டாலருக்கு மற்றொரு டெலிவிஷன் கம்பெனியை வாங்க இருந்தது. அதற்கு அனுமதி தரவேண்டியது யார்? அதே கமிஷன்! "இது நாங்களாக எடுத்த முடிவு. கமிஷனுடன் பேசவே இல்லை" என்று நெக்ஸ்டார் சொன்னது. நம்பியவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு.

அன்று இரவே ஏ.பி.சி.யும் பணிந்தது.

பொத்தானை அமுக்கினார்கள்

அப்போது டிஸ்னியின் முக்கிய ஓ.டி.டி.கள் 2. ஒன்று டிஸ்னி பிளஸ். மற்றொன்று ஹூலு. மாதா மாதம் சந்தா கட்டினால் வீட்டில் இருந்தபடியே வேண்டிய படத்தை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம்.

"சந்தாவை ரத்து செய்யுங்கள்!" என்ற குரல் சமூக வலைத்தளங்களில் எழுந்தது. ரத்து செய்தவர்கள் அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் ரத்து செய்தார்கள். ரத்து செய்யும் பக்கம் திறக்கவில்லை என்று பலர் புகார் சொல்லும் அளவுக்குக் கூட்டம்!

டிஸ்னியிடம் சம்பளம் வாங்கி நடித்தவர்களே இதில் சேர்ந்தார்கள். டிஸ்னியின் "ஷீ ஹல்க்" தொடரில் கதாநாயகியாக நடித்த தாத்தியானா மஸ்லானி, சந்தாவை நிறுத்தும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். புகழ் பெற்ற ரேடியோ பேச்சாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன் தன் சந்தாவை நிறுத்தியதாக அறிவித்தார்.

டிரம்பின் கட்சியிலும் ஒரு குரல் எழுந்தது. செனட்டர் டெட் குரூஸ், கார் பேசியதை ரவுடிகளின் பேச்சுக்கு ஒப்பிட்டார். கிம்மல் பேசியது தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார்!

"பாய்காட்" யார்?

பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் "பாய்காட்" என்று பெயர். இது ஒரு மனிதரின் பெயர்!

அயர்லாந்தில் மேயோ என்ற ஜில்லாவில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-ம் ஆண்டு விளைச்சல் சரியில்லை. 100-க்கு 25 வீதம் குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். 100-க்கு 10-தான் குறைப்பேன் என்றார் பிரபு.

யாரும் பாய்காட்டை அடிக்கவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வேலைக்காரர்கள் வரவில்லை. கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. வயலில் விளைந்ததை எடுக்க ஆள் இல்லை.

வெளியூரில் இருந்து 50 பேரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் காவல் சுமார் ஆயிரம் போலீசாரும் சிப்பாய்களும்! சுமார் 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலை எடுக்க ஆன செலவு சுமார் 10 ஆயிரம் பவுன் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தைவிட்டே போனார். அவர் பெயர் மட்டும் உலகம் முழுவதும் தங்கிவிட்டது.

இன்றைய பகிஷ்காரம் அத்தனை கஷ்டம் அல்ல. துணியை எரிக்க வேண்டாம். கடை வாசலில் மறியல் செய்ய வேண்டாம். செல்போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

டிஸ்னி பிளசின் மிகக் குறைந்த சந்தா அப்போது மாதம் 9 டாலர் 99 சென்ட். ஒருவர் நிறுத்தினால் கம்பெனிக்கு உறைக்காது. 1 லட்சம் பேர் நிறுத்தினால் மாதம் சுமார் 10 லட்சம் டாலர் போய்விடும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. டிஸ்னி பிளஸ் குழந்தைகளுக்குப் பிடித்தமானது. கொள்கைக்காக அப்பா சந்தாவை நிறுத்திவிடுவார். சாயங்காலம் பொம்மைப் படம் எங்கே என்று பாப்பா அழுதால் யார் பதில் சொல்வது? அம்மாதான்!

திரும்பி வந்தார்

22-ந் தேதி திங்கட்கிழமை டிஸ்னி அறிவித்தது: "நாளை முதல் கிம்மல் வருவார்."

23-ந் தேதி இரவு வந்தார். "ஒரு வாலிபரின் கொலையைக் கேலி செய்வது என் நோக்கமே அல்ல" என்று சொன்னபோது அவருக்குத் தொண்டை அடைத்தது. கணவனைக் கொன்றவனை மன்னிப்பதாகச் சொன்ன கிர்க்கின் மனைவியைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார்.

நெக்ஸ்டாரும் சின்கிளேரும் அன்றும் காட்டவில்லை. அப்படி இருந்தும் டெலிவிஷனில் மட்டும் 62 லட்சம் பேர் பார்த்தார்கள். சாதாரண நாளில் 20 லட்சம் பேர்கூட இருக்கமாட்டார்கள். 26-ந் தேதி அந்த இரண்டு கம்பெனிகளும் இறங்கி வந்தன.

சந்தா ரத்துக்குப் பயந்துதான் டிஸ்னி மனம் மாறியதா? டிஸ்னி அப்படிச் சொல்லவில்லை. கிம்மலுடன் பேசி முடிவு செய்ததாகவே சொன்னது.

கணக்கு என்ன சொல்கிறது? ஓ.டி.டி. சந்தாக்களைக் கணக்கெடுக்கும் ஆன்டெனா என்ற நிறுவனம் ஒரு விவரத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் ஆகஸ்டு மாதம் டிஸ்னி பிளசை 100-க்கு 4 பேர் நிறுத்தினார்கள். செப்டம்பரில் அது 8 ஆனது. ஹூலுவில் 5 என்பது 10 ஆனது. டிஸ்னி பிளசை விட்டவர்கள் சுமார் 30 லட்சம். ஹூலுவை விட்டவர்கள் சுமார் 41 லட்சம்.

இத்தனை பேரும் கிம்மலுக்காகவே விட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. கிம்மல் திரும்பிய அதே 23-ந் தேதி, சந்தா உயரப்போவதாகவும் டிஸ்னி அறிவித்தது. நேரம் பார்த்தார்கள் பாருங்கள்!

மற்றொரு கணக்கும் உண்டு. செப்டம்பர் கடைசியில் உலகம் முழுவதும் டிஸ்னி பிளசுக்கு 13 கோடியே 16 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். 3 மாதத்துக்கு முன்பு இருந்ததைவிட 38 லட்சம் அதிகம்! போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம். போனவர்களிலும் பலர் திரும்பி இருக்கலாம். நிறுத்துவது எவ்வளவு சுலபமோ, சேருவதும் அவ்வளவு சுலபம்.

அதற்குப் பிறகு சந்தாதாரர் எண்ணிக்கையை டிஸ்னி வெளியிடவில்லை. கிம்மல் விவகாரத்துக்கு முன்பே, ஆகஸ்டிலேயே எடுத்த முடிவு அது.

எதிர்த் தரப்பும் எடுத்தது

சில நாட்களில் அதே ஆயுதத்தை எதிர்த் தரப்பு எடுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் உலகப் பணக்காரர் எலன் மஸ்க், "நெட்பிளிக்ஸ் சந்தாவை ரத்து செய்யுங்கள்" என்று தன் ரசிகர்களிடம் சொன்னார். குழந்தைகள் பார்க்கும் ஒரு பொம்மைத் தொடரில் திருநம்பி பாத்திரம் வருகிறது என்பது அவர் கோபம். அந்தத் தொடரைப் புதிதாகத் தயாரிப்பதை நெட்பிளிக்ஸ் 2023-லேயே கைவிட்டு இருந்தது! நெட்பிளிக்ஸ் பங்கு விலை சில நாள் இறங்கியது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2021-ம் ஆண்டு அமேசான் பிரைமில் "தி பேமிலி மேன்" தொடரின் 2-ம் பாகம் வர இருந்தது. ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. தடை செய்யும்படி தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். நிறுத்தாவிட்டால் அமேசானையே தமிழர்கள் புறக்கணிப்பார்கள் என்றார் சீமான். தொடர் நிற்கவில்லை. 2025 நவம்பரில் 3-ம் பாகமும் வந்தது.

இளம்பிள்ளை வாதம் கண்ட பாடகர்கள்

பார்ப்பவர்கள் சந்தாவை நிறுத்துவது ஒரு வகை. பாடுகிறவர்களே பாட்டை எடுத்துக்கொண்டு போனால்?

2022 ஜனவரியில் அது நடந்தது. நீல் யங் 76 வயதுப் பாடகர். கனடாவில் பிறந்தவர். அவர் பாட்டுகளை லட்சக்கணக்கானவர்கள் கேட்டது ஸ்பாட்டிபை என்ற பாட்டுக் கம்பெனியில். அதே கம்பெனி ஜோ ரோகன் என்ற பேச்சாளரையும் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வைத்திருந்தது. கொரோனா தடுப்பூசி பற்றி ரோகனின் நிகழ்ச்சியில் தவறான செய்திகள் வருகின்றன என்று டாக்டர்களும் விஞ்ஞானிகளும் கண்டனம் தெரிவித்து இருந்தார்கள்.

"ஒன்று அவர் இருக்கட்டும். அல்லது நான் இருக்கிறேன்" என்றார் யங்.

கம்பெனி ரோகனை வைத்துக்கொண்டது. யங்கின் பாட்டுகளை நீக்கியது.

சில நாளில் கனடாவின் மற்றொரு பழம்பெரும் பாடகி ஜோனி மிட்செல் தன் பாட்டுகளையும் எடுக்கச் சொன்னார். இவர்கள் இருவருக்கும் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்திருக்கிறது. அப்போது அதற்குத் தடுப்பூசி கிடையாது. 1955-ல்தான் வந்தது. தடுப்பூசி இல்லாத காலத்தில் நோயில் கிடந்த குழந்தைகள், கிழவர்களாகிச் சண்டைக்கு வந்தார்கள்!

கொரோனா பற்றிப் பேசும் நிகழ்ச்சிகளில் எச்சரிக்கைக் குறிப்புப் போட ஸ்பாட்டிபை சம்மதித்தது. ஆனால் ஆள் குறையவில்லை. 2021 கடைசியில் 40 கோடியே 60 லட்சம் பேர் கேட்டார்கள். 3 மாதம் கழித்து 42 கோடியே 20 லட்சம்.

2024 மார்ச்சில் யங் திரும்பி வந்தார். ரோகன் மனம் மாறினாரா? இல்லை. அவர் நிகழ்ச்சி ஆப்பிளிலும் அமேசானிலும் வரத் தொடங்கிவிட்டது. எல்லாக் கடையையும் விட்டுவிட்டுப் பாட்டை எங்கே போய் விற்பது? அதே மாதம் மிட்செலின் பாட்டுகளும் திரும்பின.

கிம்மலின் ஒப்பந்தம் 2026-ல் முடிவதாக இருந்தது. "இத்தோடு அனுப்பிவிடுவார்கள்" என்று பலர் நினைத்தார்கள். 2025 டிசம்பரில் டிஸ்னி அதை மேலும் ஓர் ஆண்டு, 2027 மே வரை நீட்டித்தது.